46 பேருக்கு 18 ரூபாய்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் விவசாயக் கடன் தள்ளுபடி பற்றி வந்த கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதிவிட்டு நகர்ந்தேன். நாலு வரி போதாது என்று திட்டி வந்த கடிதங்கள் ஒரு கட்டு. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க விவசாயமும் அதைச் சுற்றிய பொருளாதாரமும்தான். கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுதந்திரம் வாங்கிய புதிதில் நாட்டு வருமானத்தில் பாதி விவசாயத்திலிருந்து வந்தது, இப்போது ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேலே என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியென்றால் விவசாயம் அழிந்துகொண்டிருக்கிறது என்று எழுதலாமா சார்?
– பொருளியல் மாணவி, மன்னார்குடி

பதில்: எழுதாதீர்கள் அம்மா, மார்க் போய்விடும். 1950-51இல் நாடு முழுக்க விளைந்த உணவு தானியம் 5 கோடி டன் சொச்சம். 2023-24இல் 33 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. அதே காலத்தில் மக்கள்தொகை 36 கோடியிலிருந்து 140 கோடியாகியிருக்கிறது, அதாவது நாலு மடங்குக்குப் பக்கம். தானியமோ ஆறு மடங்குக்கு மேல். அழிகிற தொழில் இப்படி விளையாது.

பங்கு குறைந்ததற்குக் காரணம் மற்ற தொழில்கள் இன்னும் வேகமாக வளர்ந்தது. இன்னொரு காரணம் நம் வயிறு. சம்பளம் இரண்டு மடங்கானால் யாரும் இரண்டு மடங்கு சோறு சாப்பிடுவதில்லை, செல்போன் வாங்குவார்கள், பிள்ளையை டியூஷனில் சேர்ப்பார்கள், பைக் மாற்றுவார்கள். ஜெர்மன்காரர் எர்ன்ஸ்ட் ஏங்கல் 1857இலேயே இதைச் சொல்லிவிட்டார். நம் கிராமங்களில் 1999-2000இல் வீட்டுச் செலவு நூறு ரூபாய் என்றால் அதில் 59 ரூபாய் சாப்பாட்டுக்குப் போனது. 2022-23 கணக்கெடுப்பில் அது 46 ஆகிவிட்டது. ஆக, பங்கு குறைவது நோய் இல்லை. வளர்ந்த எல்லா நாட்டிலும் நடந்ததுதான்.

நம்மூரில் கோளாறு வேறு இடத்தில். நாட்டில் வேலை செய்கிறவர்கள் மொத்தம் நூறு பேர், மொத்த வருமானம் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விவசாயத்தில் இருப்பவர்கள் 46 பேர். அவர்கள் பங்குக்கு வருவது ஏறக்குறைய 18 ரூபாய், தலைக்கு 40 காசுகூடத் தேறாது. மீதி 54 பேருக்கு 82 ரூபாய், தலைக்கு ஒன்றரை ரூபாய். நாலு மடங்கு வித்தியாசம். உங்கள் பாடத்தில் ஆர்தர் லூயிஸ் வருவார் பாருங்கள், 1954இல் எழுதி 1979இல் நோபல் வாங்கியவர். கிராமத்தில் தேவைக்கு மேல் இருக்கும் ஆட்கள் மெல்ல மெல்லத் தொழிற்சாலைக்குப் போவார்கள், அப்படித்தான் நாடு வளரும் என்றார். கொரியாவிலும் சீனாவிலும் ஓரளவு அப்படியே நடந்தது. இங்கே வருமானம் வயலை விட்டு நகர்ந்துவிட்டது, ஆள் அந்த அளவுக்கு நகரவில்லை.

நகர்ந்தவர்களும் திரும்பி வந்தார்கள். 2018-19இல் விவசாயத்தில் இருந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர் சொச்சம், அடுத்த வருடமே 45ஐத் தாண்டி, 2023-24இலும் 46இல் நிற்கிறது. கொரோனா வந்த 2020 ஏப்ரல்-ஜூனில் நாட்டின் மொத்த உற்பத்தி கிட்டத்தட்ட நூற்றுக்கு 24 சரிந்தபோது, விவசாயம் மட்டும் 3.4 வளர்ந்தது. பேப்பரில் எல்லாரும் அதைக் கொண்டாடினார்கள். சூரத்திலிருந்தும் திருப்பூரிலிருந்தும் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பியவனுக்கு அப்பாவின் அரை ஏக்கரை விட்டால் போக்கிடம் இல்லை என்பதுதான் அதன் மறுபக்கம். இரண்டு பேர் செய்யும் வேலையை நாலு பேர் செய்வார்கள், நாலு பேரும் 'வேலையில் இருப்பவர்' என்று கணக்கில் ஏறுவார்கள். பாடப் புத்தகத்தில் இதற்கு மறைமுக வேலையின்மை என்று பெயர். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் வேலை செய்யும் நூறு பேரில் 64 பேர் விவசாயத்தில்தான், அதிலும் பலர் சொந்த வயலில் கூலி இல்லாமல். பரீட்சையில் இந்த 46க்கு 18 கணக்கை எழுதுங்கள்.

கேள்வி: விவசாயிக்கு வருமான வரி இல்லை, மின்சாரம் இலவசம், உரத்துக்கு மானியம், வருடம் 6,000 ரூபாய் அக்கவுண்ட்டில். வரி கட்டுவது மட்டும் எங்களைப் போன்ற சிறுதொழில்காரர்கள். இது எந்த ஊர் நியாயம்?
– பம்ப்செட் தயாரிப்பாளர், கோவை

பதில்: கோபம் புரிகிறது. கணக்குதான் பாதியில் நிற்கிறது.

வரியிலிருந்து தொடங்குவோம். தேசிய மாதிரி ஆய்வு 2018-19இல் எடுத்த கணக்குப்படி ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. அதில் பயிரில் வந்தது 3,798தான், கூலி வேலைக்குப் போய்ச் சம்பாதித்தது அதைவிட அதிகம், 4,063. மாடும் ஆடும் கொடுத்தது 1,582. வருடத்துக்குக் கூட்டினாலும் ஒன்றேகால் லட்சத்தைத் தொடாது. விலக்கை நாளைக்கே எடுத்துவிட்டாலும் இவர்களிடமிருந்து ஒரு பைசா வரி வராது. ஆனால் பெரிய தோட்டம் வைத்திருப்பவர்கள், அப்புறம் எங்கேயோ வந்த பணத்தை எல்லாம் கொய்யாத் தோட்டத்தில் விளைந்ததாகக் காட்டுகிறவர்கள், இவர்களுக்கு வரி போட வேண்டும் என்றால் உங்களோடு நானும் கை தூக்குவேன். அரசியல் சாசனப்படி அந்த அதிகாரம் மாநிலங்களிடம் இருக்கிறது. எந்தக் கட்சியும் தொடத் துணியாது, அது வேறு விஷயம்.

மானியம் கொடுக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. யூரியா 45 கிலோ மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது, பாக்கியை அரசாங்கம் போடுகிறது. மலிவாக இருப்பதால் அதையே அள்ளிக் கொட்டி மண்ணையும் கெடுக்கிறோம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கம் ஒரு பணம் போகிறதே, அதை யாரும் எழுதி வைப்பதில்லை. அரிசி விலை ஏறுகிறது என்றதும் 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள், எடுத்தது 2024 செப்டம்பரில். கோதுமைக்கு 2022 மே மாதம். வெங்காயத்துக்கு 2023 டிசம்பரில் போட்டு 2024 மே மாதம் எடுத்தார்கள். விலை நன்றாக வரும்போதெல்லாம் கதவை மூடினால் நஷ்டம் விளைவித்தவனுக்கு, லாபம் நமக்கு. உங்கள் வரியிலிருந்து அவனுக்குப் போவதற்குப் பட்ஜெட்டில் வரி வரியாகக் கணக்கு இருக்கிறது. அவனிடமிருந்து உங்களுக்கு வருவது எந்த ரசீதிலும் வராது. சாப்பாடு மலிவாக இருப்பதால்தானே உங்கள் பட்டறையில் ஒரு ஃபிட்டரை இந்தச் சம்பளத்துக்கு நிறுத்தி வைக்க முடிகிறது?

அப்புறம் ஒன்று, உரிமையோடு கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வயலுக்கு இலவச மின்சாரம் இல்லாமல் இருந்திருந்தால் கோவை மோட்டார் இத்தனை கிணற்றில் இறங்கியிருக்குமா? விவசாயி கையில் காசு இருந்தால் தொழிற்சாலை ஓடும் என்று பொருளாதாரத்தில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், அதற்கு உங்கள் ஊரே உதாரணம். அந்த மோட்டார்கள் நிலத்தடி நீரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன என்பதற்கும் உங்கள் வட்டாரமே உதாரணம், பக்கத்து மாவட்டத்துப் பல்லடம் பக்கம் 1,000 அடி போட்டும் புகைதான் வருகிறது என்று சொல்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: 15 கிலோ தக்காளிப் பெட்டி 50 ரூபாய்க்குப் போட்டுவிட்டு வந்தேன். அன்று சாயந்திரம் சென்னையில் இருக்கும் மகள் கிலோ 25 ரூபாய்க்கு வாங்கினேன் என்று போனில் சொல்கிறாள். நடுவில் தின்பது யார்?
– விவசாயி, ஒட்டன்சத்திரம் அருகே

பதில்: இடைத்தரகர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் உங்களுக்கும் திருப்தி, எனக்கும் வேலை மிச்சம். ஆனால் அது முழு உண்மை இல்லை ஐயா. பறிப்புக் கூலி, பெட்டி வாடகை, மண்டிக்கு வண்டி, கமிஷன், ஏற்றுகூலி, சென்னைக்கு லாரி, அங்கே இறக்குகூலி, வழியில் நசுங்கியது, தள்ளுவண்டிக்காரரின் லாபம், சாயந்திரம் அவர் தூக்கிப் போடுவது என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. 2024இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று, தக்காளிக்கு நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் விளைவித்தவருக்குப் போவது 33 காசு என்கிறது. வெங்காயத்தில் 36, உருளையில் 37. உங்களுக்கு அந்த 33கூட வரவில்லை, 3.33 ரூபாய்க்கு விற்று 25க்குப் போயிருக்கிறது, 13 காசு.

ஏன் இத்தனை மோசம் என்றால், வரத்து குவிந்த அன்று செலவுகள் எதுவும் குறைவதில்லை. லாரி வாடகை தக்காளி விலையைப் பார்த்து இறங்காது. எல்லாம் போக மிஞ்சுவதுதான் உங்களுக்கு. 2023 ஜூலையில் சில்லறையில் கிலோ 150, 200 என்று விற்றது ஞாபகம் இருக்கும். அந்த விலையைப் பார்த்து ஆளாளுக்கு நாற்று நட்டார்கள், செப்டம்பரில் பல ஊர்களில் தக்காளியை ரோட்டில் கொட்டினார்கள். இந்த வருட விலையைப் பார்த்து அடுத்த நடவை முடிவு செய்வது என்பது வெள்ளம் வடிந்த பிறகு படகு வாங்குவது மாதிரி, ஆனால் வேறு எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள், உங்களுக்கு யார் சொல்கிறார்கள்?

பாலைப் பாருங்கள். அதுவும் ஒரே நாளில் கெடும் சரக்குதான், உற்பத்தி செய்பவர்களும் ஒரு மாடு இரண்டு மாடு வைத்திருப்பவர்கள்தான். 1946இல் குஜராத்தில் ஆனந்த் ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, அதற்கு வர்கீஸ் குரியன் கிடைத்து (கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், நம்மூர் சாப்பாடு சாப்பிட்டவர்), 1970இல் வெண்மைப் புரட்சியாக நாடு முழுக்கப் போய், அன்றைக்கு 2 கோடி டன் சொச்சமாக இருந்த பால் 2023-24இல் 23.9 கோடி டன். உலகத்தில் முதல் இடம். இதில் சூட்சுமம் ஒன்றுதான். பால் அதிகம் வருகிற காலத்தில் அதைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் மாற்றி வைத்துக்கொள்ள சங்கத்திடமே ஆலை இருந்தது, அதனால் வரத்து கூடியதும் விலை தலைகுப்புற விழவில்லை. தக்காளிக்கு அந்த ஆலை இல்லை. குளிர்பதனக் கிடங்கு மட்டும் கட்டிப் பயனில்லை, பழுத்த தக்காளியை அங்கே எத்தனை நாள் வைப்பீர்கள்? 1999இல் மதுரையில் ஆரம்பித்த உழவர் சந்தை நல்ல ஏற்பாடு, பக்கத்து டவுனுக்குத் தினம் நாலு பெட்டி கொண்டுபோகிறவருக்கு இன்றைக்கும் உதவுகிறது. நாற்பது பெட்டி பறிக்கிறவருக்கு அது போதாது.

கேள்வி: விவசாயமே இல்லாமல் சிங்கப்பூர் முன்னேறவில்லையா?
– வாசகர், ஆவடி

பதில்: முன்னேறியது. அரிசி முழுக்க வெளியிலிருந்து வருகிறது. இந்தியா, தாய்லாந்து, வியட்நாம் என்று அதை விளைவித்துக் கொடுக்க யாராவது இருக்க வேண்டுமே. 60 லட்சம் பேருக்கு இது முடியும். 140 கோடிப் பேர் கப்பல் அரிசிக்குக் காத்திருக்க ஆரம்பித்தால் உலகச் சந்தையில் அரிசியே இருக்காது. அந்தச் சந்தையில் விற்பனையாகும் அரிசியில் நூற்றுக்கு 40 பங்கு நம்முடையது.

கேள்வி: பசுமைப் புரட்சி என்ற பெயரில் மண்ணையும் விதையையும் கெடுத்துவிட்டார்கள். அது இல்லாமலே நாம் நன்றாக இருந்திருப்போம் என்கிறேன். மறுப்பீர்களா?
– இயற்கை விவசாய ஆர்வலர், திருத்துறைப்பூண்டி

பதில்: பாதியை மறுப்பேன். 1965லும் 1966லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. வாரம் ஒரு வேளைச் சாப்பாட்டை விடுங்கள் என்று பிரதமர் சாஸ்திரியே மக்களிடம் கேட்டார். 1966இல் மட்டும் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி, பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அதற்காக வாஷிங்டன் என்ன சொன்னாலும் கேட்க வேண்டிய நிலைமை. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூணு படி அரிசி' என்ற வாக்குறுதி எப்படி எடுபட்டது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். வயிறு நிறைந்த ஊரில் அந்தக் கோஷம் எடுபடாது.

அந்தச் சமயத்தில் விவசாய அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம், விதை பக்கம் நின்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. விதை மட்டும் இல்லை. 1965இல் இந்திய உணவுக் கழகம் வந்தது (அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான்), அதே வருடம் விலையைப் பரிந்துரைக்க ஒரு ஆணையம் வந்தது. விளைந்தால் வாங்கிக்கொள்ள ஆள் உண்டு என்ற தைரியத்தில்தான் ஜனங்கள் புது விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கினார்கள். தஞ்சை மாவட்டம் அதற்கும் முன்னாலேயே, 1960-61இல், தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் ஒன்று. எங்கள் வீட்டில் அப்போது மூன்று மா நிலம் (ஏறக்குறைய ஒரு ஏக்கர்), அப்பா ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகம் நட்ட வருடம் குதிர் நிறைந்ததைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி நீங்கள் சொல்லும் பாதிக்கு வருகிறேன். பஞ்ச காலத்துக்குப் போட்ட ஏற்பாட்டைப் பஞ்சம் தீர்ந்த பிறகும் அப்படியே விட்டுவைத்தோம். பஞ்சாப்காரர்கள் சப்பாத்தி சாப்பிடுகிறவர்கள், அங்கே நெல் போட்டதே அரசு வாங்குகிறது, மின்சாரம் இலவசம் என்பதற்காக. மழையில் ஊறுவதைப்போல ஒன்றரை மடங்குத் தண்ணீரை அங்கே உறிஞ்சுகிறார்கள். அரிசி கிடங்கில் வழிகிறது, சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம்.

கேள்வி: அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையைச் சட்டமாக்கிவிட்டால் எங்கள் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா? சுவாமிநாதன் ஆணையம் சொன்ன விலையைத்தான் கொடுத்துவிட்டோம் என்கிறார்களே, உண்மையா?
– நெல் விவசாயி, பாபநாசம் வட்டம்

பதில்: இரண்டாவது கேள்வி முதலில். செலவைப்போல ஒன்றரை மடங்கு விலை என்று சுவாமிநாதன் தலைமையிலான விவசாயிகள் ஆணையம் சொன்னது. எந்தச் செலவு என்பதில்தான் வித்தை. விதை, உரம், ஆள் கூலி, டிராக்டர், அறுப்பு மெஷின் என்று கையிலிருந்து போன செலவு ஒரு கணக்கு. அதோடு வீட்டு ஆட்கள் பாடுபட்டதற்குக் கூலியும் சேர்ப்பது இரண்டாவது. சொந்த நிலத்துக்கு குத்தகை மதிப்பும், போட்ட முதலுக்கு வட்டியும் சேர்ப்பது மூன்றாவது, இதுதான் பெரிய கணக்கு. விவசாய சங்கங்கள் கேட்பது மூன்றாவதைப்போல ஒன்றரை மடங்கு. அரசு கொடுப்பது இரண்டாவதைப்போல ஒன்றரை மடங்கு. 2025-26க்குச் சாதாரண நெல்லுக்கு இரண்டாவது கணக்குச் செலவு குவிண்டாலுக்கு 1,579, விலை 2,369. ஒன்றரை மடங்கு சரியாக இருக்கிறது, இல்லையா? உங்கள் கேள்வியும் சரியாகத்தான் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகையோடு சேர்த்தால் 2,500.

சட்டம் வந்தால் தீருமா? உங்களுக்கு ஓரளவு உதவும், ஏனென்றால் உங்கள் ஊரில் நேரடி கொள்முதல் நிலையம் இருக்கிறது. ஈரப்பதம் 17 தாண்டிவிட்டது என்று மூட்டையோடு காத்துக் கிடப்பதைச் சட்டம் தீர்க்காது, அதற்கு உலர்த்தும் இயந்திரமும் சிமெண்ட் களமும் வேண்டும். நாடு முழுக்க எடுத்தால், அரசுக் கொள்முதலில் விற்கிற விவசாயிகள் நூற்றுக்கு ஆறு பேர்தான் என்று 2015இல் மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு சொன்னது. 22 பயிருக்கு விலை அறிவிக்கிறார்கள், நிஜமாக வாங்குவது பெரும்பாலும் நெல்லும் கோதுமையும். உளுந்தும் நிலக்கடலையும் போட்டவரிடம் அந்த விலையைச் சொன்னால் சிரிக்கிறார். விலையைச் சட்டமாக்குவதற்கு முன்னால் வாங்கும் இடத்தைக் கட்டுங்கள் என்பது என் கட்சி. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: பி.டெக். முடித்து ஐந்து வருடம் வேலை பார்த்த பையன், வேலையை விட்டுவிட்டு விவசாயம் செய்யப் போகிறேன் என்கிறான். பெண் கிடைக்காதே என்று பயமாக இருக்கிறது.
– ஒரு அம்மா, கோபிசெட்டிபாளையம்

பதில்: பெண் விஷயத்தில் நான் தலையிடவில்லை அம்மா. பையனிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: தண்ணீர் எவ்வளவு, விற்பது யாரிடம், இரண்டு வருடம் விளைச்சல் இல்லாமல் போனால் வீட்டுச் செலவுக்கு என்ன? மூன்றுக்கும் பதில் வைத்திருந்தால் விட்டுவிடுங்கள், நன்றாக வருவான். இந்தியாவில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 1970-71இல் ஐந்தரை ஏக்கருக்கு மேல், 2015-16இல் இரண்டே முக்கால் ஏக்கர்கூட இல்லை. அவ்வளவு நிலத்தில் நெல்லும் மஞ்சளும் மட்டும் போட்டுக் கார் வாங்க முடியாது. நாலு மாடு இருந்தால் வாராவாரம் கையில் காசு புரளும். முடிந்தால் முதல் வருடம் வேலையை விடாமல் செய்து பார்க்கட்டும்.

கேள்வி: ஏழு மா குத்தகைக்கு உழுகிறேன். பட்டா என் பேரில் இல்லாததால் 6,000 ரூபாயும் இல்லை, பயிர்க் கடனும் இல்லை. வெள்ளத்தில் போனால் நிவாரணம் நிலத்துக்காரருக்குப் போகிறது. நான் விவசாயி இல்லையா?
– வலங்கைமான் அருகே ஒரு வாசகர்

பதில்: வயலில் நீங்கள்தான் விவசாயி, காகிதத்தில் மெட்ராஸில் இருப்பவர் விவசாயி. இருபது வருடம் கிராமக் கிளைகளில் வங்கி வேலை பார்த்தவன் நான். குத்தகை உழுகிறவர் கடன் கேட்டு வந்தால் 'பட்டா இருக்கா' என்று கேட்டு, இல்லை என்றதும் 'நகை இருக்கா' என்று அடுத்த கேள்வி கேட்டிருக்கிறேன், வேறு வழி எங்களுக்கும் தரப்படவில்லை. சம்பா நடவுக்கு அடகு வந்த தோடும் தாலிக்கொடியும் தை அறுப்பு முடிந்து திரும்பும், சில வருடம் திரும்பாது. குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955இலேயே வந்துவிட்டது, குத்தகையைப் பதிவு செய்ய 1969இல் இன்னொரு சட்டம். ஆனால் எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று உடைமைக்காரர் பயப்படுகிறார், எழுதிக் கேட்டால் அடுத்த போகம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். வாய்வார்த்தையிலேயே ஓடுகிறது.

இப்போதைக்கு உங்களால் முடிந்தது ஒன்று. பயிர்க் காப்பீடு குத்தகைக்காரருக்கும் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடி செய்பவர் நீங்கள் என்று அடங்கல் வாங்கிக்கொள்ளுங்கள், ஆதாரும் வங்கிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ உங்கள் பேரில் பதிவு செய்யுங்கள். சம்பாவுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும், கடைசி இரண்டு நாள் சர்வர் வேலை செய்யாது, தீபாவளிக்கு முன்னாலேயே போய்விடுங்கள்.